அழாத பிள்ளை

அறுபதுகளின் நடுவில், திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. மகள் பிறந்து சில மாதங்களிலேயே அவளையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பழைய சேலையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டால் சாயங்காலம் வரை சத்தமே இருக்காது. பாலுக்குக்கூட நான்தான் எழுப்ப வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளின் பையன் நேர்மாறு. கத்தியே கம்பெனியை இரண்டாக்கிவிடுவான். முதலாளி அவளைத் திட்டும்போதெல்லாம் என் தொட்டிலைக் காட்டுவார். "அந்தப் புள்ளையப் பாரு, இருக்குற எடமே தெரியல." எனக்குத் தலைகால் புரியாது. சித்திரை வெயிலிலும் மகளின் உடம்பு சில்லென்றிருக்கும், ஆளாளுக்கு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கொழுகொழு கன்னம், எப்போதும் சற்றே நீட்டிய நாக்கு. அதையும் அழகென்றுதான் கொஞ்சினோம், பாவிகள்.

அந்தப் பையன் கம்பெனி முழுக்க ஓடத் தொடங்கியபோது என் மகளுக்கு உட்காரக்கூட வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. கோயமுத்தூர் டாக்டரிடம் போக, அவன் அம்மாதான் துணைக்கு வந்தாள்.

டாக்டர் மகளின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா அழுவாளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, தங்கமான புள்ளைங்க" என்றேன், பெருமையாக.

அவர் மகளின் நீட்டிய நாக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "தொண்டையில தைராய்டுன்னு ஒரு சின்ன சுரப்பி இருக்கும்மா. அதுல சுரக்குறது ரத்தத்துல கலந்தாத்தான் உடம்பும் வளரும், மூளையும் வளரும். இவளுக்குப் பொறந்ததுல இருந்தே அது சரியா சுரக்கல. அழறதுக்குக்கூட உடம்புல தெம்பில்ல."

"மாத்திரை குடுத்தா சரியாப் போயிருமுங்களா?"

"உடம்பு தேறும். மூளைக்கு, பொறந்த கையோட குடுத்திருக்கணும்மா."

மாத்திரை கொடுத்தோம். சில வாரங்களில் அவள் உடம்பில் சூடு வந்தது. ஒருநாள் மத்தியானம் தொட்டிலிலிருந்து வீறிட்டு அழுதாள். கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன். "பசிக்குதாட்ட இருக்குது அம்மிணி, பாலக் குடு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இத்தனை நாளும் பசிக்கு அழக்கூட முடியாமல் கிடந்திருக்கிறாளே என்று அங்கேயே உட்கார்ந்து கதறிவிட்டேன்.

மகள் வளர்ந்தாள், நடந்தாள். பேச்சு வரவேயில்லை. இன்றும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். எனக்குப் பிறகு யார் என்று நினைக்காத நாளில்லை. ஏறாத கோயிலில்லை, எந்தச் சாமியாலும் அந்த முதல் மாதங்களைத் திருப்பித் தர முடியவில்லை.

பஸ்ஸில் கைக்குழந்தை கத்தினால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும். சத்தமில்லாமல் கிடக்கும் குழந்தையை யாராவது தங்கமென்று கொஞ்சினால், அதன் உடம்பில் சூடு இருக்கிறதா என்று இன்றும் தொட்டுப் பார்க்கிறேன்.