சத்தியக் கடதாசி

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரை ஆமி, அதாவது இராணுவம், பிடித்தது. ஒருநாள் காலை, சென்றிச் சோதனைச்சாவடியில் என் தம்பியைச் சைக்கிளிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகாமில் அம்மா விசாரித்தபோது, அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள்.

அடுத்த வருடம் ஊரில் நீதிமன்றம் திரும்பத் திறந்தது. ஆமியின் காலம் இனி முடியும் என்று சனம் நம்பியது. அம்மாவும் நம்பி ஆட்கொணர்வு மனுப் போட்டாள். பிடித்ததைக் கண்ட சாட்சி ஒருவராவது வேண்டும் என்றார் வழக்கறிஞர்.

கண்டவர் லண்டனில் இருந்தார். அன்று தம்பிக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருந்தார். நானும் லண்டனில்தான், கிங்ஸ்பரியில் இருந்தேன்; அங்கிருந்து தேடிப் போனேன்.

"கண்டனான் தங்கச்சி. கையைப் பின்னுக்குக் கட்டினவங்கள். ஆனா எழுதித் தர ஏலாது. மனுசியும் பிள்ளையளும் அங்கை இருக்கினம்."

அவர் சொன்னது நியாயம்தான். தெரிந்தும் நான் விடவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாலாம் தரம் போனது, அவரைக் குரோய்டனுக்கு அகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த கிழமை.

"நீங்கள் இங்கை இருக்கிறதுக்காக நடந்ததெல்லாம் குரோய்டனிலை சொல்லுவியள்தானே அண்ணை. எங்களுக்கு மட்டும் ஏன் ஏலாது?"

மறுநாள் அவர் சொலிசிட்டர் முன்னால், கண்டதை எழுதிய சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார்.

அது நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு மாதத்தில் அவர் மனைவியை முகாமுக்குக் கூப்பிட்டு, காலையிலிருந்து பொழுதுபடும்வரை இருத்தி வைத்தார்கள். விட்டதும் அவள் பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

"இனி எனக்கு போன் எடுக்காதேங்கோ," என்றார்.

வழக்கு ஒன்பது தவணை தள்ளிப் போனது. பதிவில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று ஆமி அதிகாரி சத்தியம் செய்தார். சாட்சியை நேரில் கூட்டிவாருங்கள், கடதாசியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். திரும்பிப் போனால் அவரையும் பிடிப்பார்கள். மனு தள்ளுபடியானது.

அன்று அம்மா போனில் அழவில்லை. "நீதிபதி நல்ல மனுசன் பிள்ளை. என்னைக் கதிரையிலை இருக்கச் சொல்லித்தான் தீர்ப்பு வாசிச்சவர். எழுதித் தந்த அந்தத் தம்பிக்கு நான் கும்பிட்டதாச் சொல்லு."

"ஓம் அம்மா," என்றேன்.

ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். அவர் அறையை விட்டுப் போய் ஒரு மாதமாம். விலாசம் கொடுக்கவில்லை என்றார் கடைக்காரர்.