பழைய ஃபைல் திறக்காது

நெட் சென்டர்கள் பெருகிய காலம். காஞ்சிபுரத்தில் கணினியில் பட்டுச்சேலை டிசைன் வரைபவர் அவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பார். பத்திரிகைக்காக நான் அவரைப் பேட்டி எடுக்கப் போன அன்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தறியில் கல்யாணச் சேலைக்கு முந்தி மட்டும் பாக்கி. அந்த டிசைன் பழைய மென்பொருளில் வரைந்தது. புதியதை ஏற்றிய கம்பெனிக்காரர், "பழைய ஃபைல் இதுல திறக்காது சார்" என்றார்.

"தறியில புதுப் பாவு நூல் ஏத்துனா பழசோட இழைக்கு இழை பிணைக்கிறோம்பா. நீ பழசை அறுத்துட்டு வந்து நின்னுக்கினு இருக்கிற! நான் வரைஞ்சதுக்கு நீ எதுக்குப்பா பூட்டு போட்ட?"

"கம்பெனி பாலிசி சார்."

அவர் கணினியை அணைத்துவிட்டு, கட்டம் போட்ட தாளில் அந்த முந்தியை முதலிலிருந்து வரையத் தொடங்கினார்.

இன்று புதுக் கணினியில் என் பழைய கட்டுரைகள் திறக்க மறுக்கும்போது, நானும் கண்ணாடியைக் கழற்றுகிறேன்.