மைக்காரரின் இரண்டாவது குரல்

என் அக்காவின் கணவரை ஊரில் பாதிப் பேருக்கு முகம் பார்த்தால் தெரியாது, குரல் கேட்டால் தெரியும். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பு செய்தவர். அதனால் மைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, கண்ணாடி ஜன்னல், மேசைமேல் ஒரு மைக். பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் கடகடப்பும் சேர்ந்து ஊரெல்லாம் கேட்கும். அதனால் அத்தான் எப்போதும் தொப்பலாக நனைந்துதான் இருப்பார். குரல் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அதில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். மனசுக்குள்ளேயே ஜெபித்துவிட்டேன் என்று யாரும் தப்பிக்க முடியாது. தன் முறை வந்தால் அத்தான் நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஏற்றிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுப்பார். அதற்குள் சமையலறையில் சாப்பாடு ஆறிப்போகும். அக்கா அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது.

பதினாறு வயதில் அந்த வட்டத்தில் உட்கார்ந்து நான் ஒரு ஏப்பம் விட்டேன். வேண்டுமென்றே இல்லை, வயிறு செய்த வேலை. அத்தான் கண்ணைத் திறக்காமலேயே வாசலைக் காட்டினார். கர்த்தர் சந்நிதியில் இது என்ன மரியாதை என்று அப்புறம் அரைமணி நேரம் வகுப்பு. அன்றிலிருந்து எனக்கும் அந்த வட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சபைக்குப் போகிற ஆள் நான்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. மூன்று மாதம் கஷாயம், மாத்திரை, உப்புத்தண்ணீர் என்று கழிந்த பிறகு மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, புற்றுநோய் என்றார். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும். சபையே உபவாசம் இருந்தது. கட்டி யாருடைய ஜெபத்துக்கும் மசியவில்லை. அத்தான் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அறுவை அறைக்குள் போகும்வரை அக்காவோடு பேசிக்கொண்டே போனார். என்ன பேசினார் என்று அக்கா இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது. இனி மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போனது மட்டுமில்லை. சூடானதை ஊதி ஆற்ற முடியாது, மணம் பிடிக்க முடியாது, சத்தமாகச் சிரிக்கவும் முடியாது. நிலையத்தில் அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப்போன பல்செட்டு ஒன்று, நடுவில் அத்தான். வெளியே வேறொருவர் குரல் பேருந்துகளை அழைத்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவர் குடைகளுக்குச் சீட்டு கட்டுவார்.

அவர் வீடு திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். ஜெபம் சுற்றி வந்து அவரிடம் நின்றது. கண்களை மூடி, உதட்டை அசைக்கத் தொடங்கினார். சத்தமில்லை. நாலு விநாடி இருக்குமோ என்னவோ, போதகர் பதறிப்போய் அவருக்காகத் தானே இரண்டு வரி ஜெபித்து, ஆமென் போட்டு, அடுத்தவரைத் தொடரச் சொல்லிவிட்டார். நல்ல மனசோடு செய்த தப்புதான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் ஜெபம் என்று பழகிய வட்டத்துக்கு, உதடு மட்டும் அசைகிறவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அத்தான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து வட்டத்தில் அவர் உட்காரவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். காற்றை விழுங்கி, உணவுக்குழாயில் நிறுத்தி, மேலே எழுப்பிச் சத்தமாக்க வேண்டும் என்று சொல்லித் தந்தாள். நாலாம் நாள், நான் துணைக்குப் போயிருந்தபோது, அத்தான் வாயிலிருந்து "பா" என்று ஒன்று வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. நோட்டை எடுத்து எழுதினார்: இது ஏப்பம்.

"ஆமா சார், ஏப்பம்தான். அதையே பேச்சாக்கிருவோம்," என்றாள் அவள், கூச்சமே இல்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தானும் என்னைப் பார்த்தார். பதினாறு வயசு ஏப்பம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்பது தெரிந்தது.

ஒரு வருடத்தில் தேறிவிட்டார். கரடுமுரடான குரல், மூன்று நாலு எழுத்துக்கு ஒருமுறை காற்று விழுங்க வேண்டும், ஆனாலும் பேச்சு. கடையில் பேசினார், என்னைத் திட்டினார், பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போட்டார். ஜெபம் மட்டும் இல்லை. சபையில் கடைசி வரிசையில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கு நோயைவிட அதுதான் வேதனை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஏங்க, எங்கிட்ட பேசுறீங்க, ஊர்க்காரங்ககிட்ட பேசுறீங்க. அவர்கிட்ட மட்டும் பேசமாட்டீங்களா?"

இப்போது பேச முடிகிற மனிதர், அதற்குப் பதிலை எழுதித்தான் காட்டினார். 'நல்ல குரல் அவர் தந்தது. அதை அவரே எடுத்துக்கொண்டார். இந்த ஏப்பத்தைக் கொண்டுபோய் எப்படி அவர் முன்னால் வைப்பேன்?' அக்கா அதைப் படித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். அதில் மரியாதை பாதி, கோபம் பாதி என்று எனக்குப் பட்டது. எனக்கோ அத்தான்மேல் கோபம். கடவுள் என்ன சங்கீதப் போட்டிக்கு நடுவரா? அக்கா ஒன்றும் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை வட்டத்தில் தன் பக்கத்து இடத்தை மட்டும் காலியாகவே வைத்திருந்தாள்.

போன மாதம் அந்தப் பயிற்சிப் பெண் அக்காவுக்குப் போன் செய்தாள். வார்டில் ஒரு லாரி ஓட்டுநர், அத்தானுக்கு வந்த அதே நோய். மறுநாள் காலை அறுவை. ஆனால் செத்தாலும் சாவேன், ஊமையாக இருக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுக்கிறார். சார் வந்து ஒருமுறை பேசிக் காட்டினால் நல்லது என்றாள். நான்தான் இரண்டு பேரையும் அழைத்துப்போனேன்.

ஓட்டுநர் கட்டிலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். நல்ல உடம்பு, நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, கட்டிவைத்த பையைப் பிடித்தபடி. அத்தான் தன் குரலில் வேலை, வீடு, சாப்பாடு எல்லாம் மெல்ல மெல்லச் சொன்னார். முதல் சத்தத்திலேயே ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மனைவி, நீங்கள் ஜெபிக்கிறவர்கள் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொன்னாள், இவருக்காக ஒரு வார்த்தை ஜெபியுங்கள் என்று கேட்டாள். அத்தான் வழக்கம்போல அக்காவைக் கைகாட்டினார். அக்கா கண்ணை மூடினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்று ஓட்டுநர் தடுத்தார். "உங்க குரல் எனக்கு வரப்போறதில்ல. எனக்கு வரப்போறது இந்த அண்ணன் குரல்தான். அந்தக் குரல்ல கூப்பிட்டா கடவுளுக்குக் கேக்குமா, கேக்காதா? அது தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அத்தான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெபிக்கிற ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அந்த நேரத்தில் ஜெபித்தேன். இந்த மனுஷன் வாயைத் திறக்கட்டும் என்று கெஞ்சினேன்.

அவர் நோட்டை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு, ஒரு வாய் காற்றை விழுங்கினார்.

"அப்பா," என்றார். சுத்தமான ஏப்பம். எதிர்க்கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தானுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை.

"இவன்... பயப்படுறான்." மறுபடி காற்று. "நானும்... பயந்தேன்." மறுபடி. "உம்மேல... கோபம்... எனக்கு." அக்காவின் கை என் முழங்கையை இறுக்கிக்கொண்டது. "ஆனா நீர்... என்னை... விட்டுப்போகல."

அப்புறம் சத்தம் வரவில்லை. முடிந்துவிட்டதா என்று ஓட்டுநர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "இருங்க தம்பி," என்றாள் அக்கா, "காத்து எடுக்கிறாரு." யாரும் அவசரப்படவில்லை. எத்தனை நேரமோ காத்திருந்தோம்.

"இவனையும்... விடாதிரும்."

ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. காற்று தீர்ந்துபோய் உதடு மட்டும் அசைந்தது. இன்னொருமுறை முயன்றார். அதுவும் வரவில்லை. அக்காவுக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கும்தான்.

மறுநாள் காலை போகப்போகிற அந்தக் குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி, ஓட்டுநர் ஆமென் சொன்னார். பிறகு அத்தான் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, காகிதம் எங்கே என்று கேட்டார்.