பழுப்பு மூட்டையில் போன சுருதிப் பெட்டி

ரிட்டயர் ஆன ஆண்கள் வாக்கிங் போவார்கள், டி.வி. பார்ப்பார்கள். என் வீட்டுக்காரருக்குப் பிடித்த பைத்தியமே வேறு. ஜனக்புரியில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் கம்ப்யூட்டரோ சார்ஜரோ கெட்டுப்போனாலும் அது நேரே எங்கள் பால்கனிக்கு வந்துவிடும். இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகளைத் தரம் பிரிப்பார். பொத்தான் பேட்டரியை முதலில் பிடுங்கி என் அப்பள டப்பாவில் போடுவார். கம்ப்யூட்டரின் பச்சை போர்டுகள் ஒரு மூட்டை, டி.வி., சார்ஜர் வகையறாவின் பழுப்பு போர்டுகள் இன்னொரு மூட்டை. மாதம் ஒருமுறை மறுசுழற்சிக் கூடத்து வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். துணி காயப்போட இடமில்லையே என்று நான் கத்துவேன்.

"பழைய சாமான் வாங்குற கபாடிக்காரன்ட்ட போட்டா எங்கயாவது கொண்டுபோய் எரிப்பாங்கம்மா. அந்தப் புகையை நீயும் நானும்தான் மூக்கால இழுக்கணும்" என்பார். அதற்குமேல் என்ன சண்டை போடுவது?

அந்த மாதம் என் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியில் சுவிட்ச் தகராறு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது வாங்கியது. ஆபீஸுக்கு அரக்கப்பரக்க ஓடிய காலத்திலும், காலையில் கால்மணி நேரமாவது அதோடு பாடாமல் நான் கிளம்பியதில்லை. நானே சரிசெய்கிறேன் என்று இவர் திறந்தார். அதே பால்கனி, அதே ஸ்டூல். மறுநாள் பார்த்தால் கூடு மட்டும் இருக்கிறது, உள்ளே போர்டைக் காணோம். பழுப்பு போர்டாயிற்றே, பழக்க தோஷத்தில் மூட்டையில் போட்டிருக்கிறார்! வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது.

"ஊர்க் குப்பையெல்லாம் பிரிக்கத் தெரியுது, வீட்டுச் சாமான் எதுன்னு தெரியலையா?" வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கோபத்தோடு நானும் கூடவே கிளம்பினேன்.

மறுசுழற்சிக் கூடத்தில் பல இடத்துப் பழுப்பு போர்டுகளையும் ஒரே மேஜையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானமே ஒரு நடை போர்டுகள் இயந்திர அரவைக்குப் போயாகிவிட்டதாம். மேஜையில் இருந்த பெண், "டென்ஷன் மத் லோ, ஆண்ட்டிஜி" என்று கவலைப்படாதீர்கள் என இந்தியில் தேற்றி, எங்கள் இருவருக்கும் கையுறை கொடுத்தாள். இரண்டு மணி நேரம் கிளறினோம். குனிந்து குனிந்து இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அங்கிள்ஜி, யே வாலா?" இதுவா என்று அவள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதேதான்! இதேதான்!" இவர் குரலே உடைந்துவிட்டது. அதே அளவு, அதே மூன்று திருகு ஓட்டைகள். அந்தப் பெண் ஒரு பழைய ஸ்பீக்கரையும் பேட்டரியையும் அதில் இணைத்தாள். சுருதி கேட்டது.

சுத்தமான சுருதி. அதுதான் கோளாறே. என் பெட்டியில் பஞ்சமம் லேசாக நடுங்கும், வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். இது வேறு யார் வீட்டுப் பெட்டியின் போர்டோ. மேஜையில் கிளற மிச்சம் ஏதுமில்லை. அப்படியென்றால் என்னுடையது அரவைக்குப் போய்விட்டது. இவரைப் பார்த்தேன். மூக்கெல்லாம் தூசி, வேர்த்து வழிகிறது, பாஸா ஃபெயிலா என்று கேட்கிற பையன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாவி மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"அச்சா, இதேதாங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

ராத்திரிக்குள் போர்டைப் பற்றவைத்துப் பெட்டியை மூடிவிட்டார். மறுநாள் காலை அதைப் போட்டுப் பாட உட்கார்ந்தேன். இரண்டாவது வரி பாடும்போது இவர் காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இது உன்னுது இல்லம்மா."

"யார் சொன்னா?"

"உன்னுதுல ஒரு இடத்துல நடுங்கும். அங்க வரும்போது நீ குரலைக் கொஞ்சம் அடக்குவ. இன்னிக்கு அடக்கல."

இத்தனை வருஷமாக, நான் பாடும்போது இவர் பேப்பர் படிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதற்குமேல் என்னால் பாட முடியவில்லை.