தக்விக்கும் போவிக்கும் நடுவில்

கிளிங்கன் என்பது விண்வெளித் தொடர் ஒன்றுக்காக உண்டாக்கிய மொழி. கீழக்கரையில் என் பக்கத்து வீட்டுக்காரர், முப்பத்தொரு வருடம் கப்பலில் இருந்தவர், கப்பலிலேயே அந்த மொழியில் நாலு வார்த்தை பொறுக்கி வந்தார். போன வருடம் என்னையும் அதற்கான இணைய வகுப்பில் இழுத்துவிட்டார். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆளுக்கொரு போனோடு அவர் மாடியில் உட்காருவோம். மனைவி போன பிறகு, வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்த இரண்டு நாட்கள்தான்.

இந்த மாதம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். தொடங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் தக்வி என்று போட வேண்டும். தேர்ந்தவர் போவி என்று. தக்விக்குச் செவ்வாய், போவிக்கு வியாழன். மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது.

எனக்கு 412 சொற்கள் தெரியும். பார்க்காமல் சொல்ல முடிவது 263. அதில் வகுப்பில் வாய் திறந்து பேசிய வாக்கியங்கள் ஆறு. அவருக்குத் தொண்ணூறு சொல் இருந்தால் அதிகம். அதை வைத்தே வெளிநாட்டுக்காரர்களோடு அரை மணி நேரம் சண்டை போடுவார். இதில் யார் தக்வி, யார் போவி? நில அளவையராக எத்தனையோ எல்லைக்கல் நட்டவன், இங்கே கல்லை எங்கே நடுவதென்று தெரியாமல் முழித்தேன். எத்தனை சொல் தெரிந்தால் போவி என்று வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்டேன். சிரித்தார், எண் சொல்லவில்லை.

எதைப் போடப்போகிறார் என்று அவரிடம் கேட்கவில்லை; கேட்டால் எனக்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்வார். பேச்சுக்காரர், போவி என்றுதான் போடுவார், ஒரே நாளில் இருக்கலாம் என்று நானும் போவி போட்டேன்.

மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"என்ன மாமா, போவியா ஆயிட்டிய?"

"நீங்க?"

"தக்வி. எந்நேரமும் ஒண்ணும் தெரியலன்னு பொலம்புவிய. அங்கனதான் இருப்பியன்னு போட்டேன்."

"சண்டை போடுற ஆளு தக்வியா?"

"கப்பல் மாறுனா முப்பது வருசக்காரனும் மொத வாரம் புதுசுதான். வெங்காயம் உரிக்க விட்டுருவாய்ங்க. எனக்குப் பழக்கம். ஒங்க பாடுதான் இப்ப கஷ்டம்."

வியாழன் மாலை என் வீட்டில் தனியாகப் போனைத் திறந்தேன். ஏழு முகங்கள் வேகமாகப் பேசின. ஏழு வார்த்தைக்கு ஒன்று புரிந்தது. என் முறை வரும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார், கையில் அவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி. என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் வாய் திறக்குமுன் சொன்னார்: இவர் போவி, நான் தக்வி, வெங்காயம் உரிக்க வந்தேன். வெங்காயத்தை மட்டும் தமிழில் சொன்னார். என் 412 சொற்களிலும் அது இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிக்குப் போக வேண்டும். அங்கே நான் யாரென்று கேட்டால் எந்தச் சொல்லைச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.