மாப்பிள்ளையின் தம்பியை யார் பிடிப்பது?

எதிர்வீட்டுப் பையன் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறான். போன வாரம் கைபேசியில் ஒரு படம் காட்டினான். மறுநாள் ஆட்டத்தில் எதிரணியில் யாரை யார் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் அனுப்பியதாம். சிவப்பில் அம்பு, பச்சையில் அம்பு. "ஒங்க காலத்துல இதெல்லாம் எப்படி அண்ணாச்சி?" என்றான். பெரிய மனுஷத் தோரணையில் சிரித்துவைத்தேன். நாங்கள் பரோட்டாவை வைத்துத் தீர்மானித்தோம் என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சால்னா வாசனை இப்போதும் மூக்கில் ஏறுகிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு கடை. சீசன் சாரல் வேறு. இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் மாலை, அருவியில் குளித்த ஈரத்தலையோடு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். எங்கள் கல்லூரி அணிக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். நூலகத்தையும் அவரே பார்த்ததால் மைதானப் பக்கம் வர நேரம் கிடைக்காது. ஆகவே திட்டம் போடுவது என் வேலை. குள்ளமாக இருப்பவனுக்கு மூளை இருக்கும் என்று அவர்களாக முடிவுசெய்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

பரோட்டாத் துண்டுகள் எதிரணி, வெங்காயத் துண்டுகள் நாங்கள். பெரிய துண்டு நியாஸ். அச்சன்புதூர்க்காரன், திருநெல்வேலிக் கல்லூரிக்கு ஆடுகிறவன். அவனைத் தடுக்கும் உயரம் எங்களில் கேப்டன் சாகுலுக்கு மட்டும்தான் உண்டு.

"நியாச நீ பிடிலே" என்றேன்.

சாகுல் சால்னாவையே பார்த்தான். "அவன் மாப்பிள்ளயோட தம்பிலே. நான் எப்படி அவன் மேல மோத?"

சாகுலின் தங்கையை நியாசின் துபாய் அண்ணனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் நிக்காஹ். இரண்டு வீட்டாரும் ஆட்டம் பார்க்க வருகிறார்கள். சம்பந்தி வீட்டுப் பையனை முழங்கையால் இடித்தால் என்னாகும் என்று அரைமணி நேரம் ஆராய்ந்தோம். கடைசியில் நியாசை நானே பிடிப்பதாக முடிவாயிற்று. என் தலை அவன் நெஞ்சுவரைதான் வரும். அதையே ஒரு தந்திரம் என்று விளக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாகப் பேச்சு இருந்தது. நியாசை அடக்கினால் அவர்கள் கண்ணில் படுவேன். இரண்டு வருடமாக அந்த ஆசையில்தான் கிடந்தேன்.

மறுநாள் நியாஸ் கொடியில் துணி காயப்போடுவதுபோல என் தலைக்கு மேலே நிதானமாகப் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தான். இடைவேளையில் சாகுலின் வாப்பா நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். முதலில் எதிரணிக்கு. சம்பந்தி மரியாதையாம். எங்களுக்கு வந்ததில் எலுமிச்சை விதைதான் அதிகம்.

எப்படியோ கடைசி நொடிகளில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். நியாஸ் என்னைத் தாண்டிப் பாய்ந்தான். வளையத்தடியில் சாகுல் நின்றான். கையைத் தூக்கினால் போதும். அவனோ, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிக்கொண்டான். பந்து விழுந்தது, விசில் ஊதினார்கள். பல்கலைக்கழக அணிக்கு நியாசை எடுத்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி சீரோட சீரா நம்ம கப்பையும் குடுத்துட்டியேலே!" என்று எல்லார் முன்னாலும் சாகுலைப் பார்த்துக் கத்தினேன்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பெண் மேலே படிக்கவேண்டும் என்றாளாம், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகை அடித்தபிறகு நின்றுபோயிற்று. சாகுல் என்னைத் தேடி வந்தான். "அன்னைக்கு அந்தப் பந்தத் தட்டிவிட்டிருக்கலாம்லே" என்றான். தோளில் கை போட்டிருக்க வேண்டிய நேரம். நானோ, "இப்ப போய்த் தட்டு, யாரு வேண்டாம்னா?" என்றேன். வாயில் வந்த நக்கலை விழுங்கத் தெரியாத ஜென்மம். அவன் லேசாகச் சிரித்துவிட்டுப் போனான். பிறகு சொல்லாமலே ஷார்ஜாவுக்கும் போய்விட்டான்.

அந்த ஆடுகளத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. சில வருடம் கழித்து என் தங்கையைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி பேச்சு சுவாரஸ்யத்தில் என் காலை மிதித்துக்கொண்டு நின்றான். "பரவால்ல, நில்லுங்க" என்று பல்லைக் காட்டினேன். சாகுல் ஏன் ஒதுங்கினான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதை அவனிடம் சொல்லலாம் என்றால், அவனுடைய நம்பர் மீதியிருக்கும் எங்கள் நாலு பேரில் ஒருவனிடமும் இல்லை.