அனுப்பும் முன் நிற்கும் விரல்

சாதிக் இறந்துபோன செய்தி, அவரே நடத்திவந்த வாட்ஸாப் குழுவில்தான் வந்தது. எங்கிருந்தோ வந்ததை யாரோ அப்படியே தள்ளிவிட்டிருந்தார்கள். ஒரு மெழுகுவத்திப் படம், கீழே அவர் பெயர், கூப்பிய கைகள். இப்படி வரும் எதையும் அவர் நம்பமாட்டார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். "உள்ளதா, கேட்டதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அனுப்பியவர் தானே பார்த்ததா, இன்னொருவர் சொல்லிக் கேட்டதா என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மனைவி நூர்ஜஹானுக்குப் போன் செய்தேன். பொய்யாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பியவரைத் திட்டலாம் என்று ஒரு ஆசை.

"உள்ளதா நூர்ஜஹான்?"

"உள்ளதுதான் டீச்சர். சுபுஹு தொழுகைக்கு எந்திச்சாவ. நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தாவ. அம்புட்டுதான்."

எனக்கு உடனே அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடி தாங்காமல் வீட்டை விட்டு வரும் பெண்களுக்குக் கை கொடுக்கும் நம் சிறிய அமைப்பை, தாராவி லேபர் கேம்ப் பக்கம் அறியாதவர்கள் குறைவு. முனிசிபல் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பெண்களின் கதைகளைப் பெயர் மாற்றி நம் வலைப்பூவில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதியதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையைச் சாதிக் எடுத்துக்கொண்டார். தாராவியில் அவருக்கு ஒரு பை தைக்கும் பட்டறை. தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஊர்க்காரர்களின் குழுக்களிலும் நம் கதைகளைப் போடுவார்.

முதல் நாளே என்னிடம் சொன்னார். "டீச்சர், நல்லா எழுதிருக்கீக. ஆனா எவன் படிக்கான்? எம் மவ தமிழ்ல பேசுவா, சண்டை போடுவா. எழுத்தக் காட்டுனா ஜிலேபி பிழிஞ்சு வச்சாப்ல இருக்குங்கா."

"அப்போ நான் எழுத வேண்டாமா?"

"நீங்க எழுதுங்க. ஜிலேபிய நான் வாயில ஊட்டி விடுதேன்."

அப்படித்தான் குரல்பதிவு தொடங்கியது. நான் எழுதியதைத் தன் நெல்லைப் பேச்சில், அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல் வாசிப்பார். வலைப்பூவை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். இங்கே சுனாபட்டியில் கேட்டவர் ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவார், அந்த அக்கா துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்புவார். பயம் என்ற ஒன்று அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் இல்லை.

ஒரு பெண்ணின் கதையை அப்படி வாசித்தார். அவள் பெயரையும் இருந்த இடத்தையும் இங்கே சொல்லமாட்டேன். கணவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது மட்டும் போதும். கைக்குழந்தையோடு, ஒரு ரயில் நிலையத்தை ஒட்டிய கோலியில் அவளைக் குடிவைத்திருந்தோம். ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே கோலி என்றுதான் பேர். ஒரே ஜன்னல். வெளியிடுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று சாதிக் அங்கேயே போனார். அவள் கேட்டுவிட்டுச் சரி என்றதும், அங்கேயே உட்கார்ந்து பதிவும் செய்துவிட்டார். அக்கறையாகச் செய்த காரியம்தான் அது. எனக்கும் அனுப்பினார். நானும் கேட்டேன், நன்றாக இருந்தது.

குழுக்களில் போட்டபின் நூர்ஜஹான் மீன் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார். "என்னங்க, பின்னாடி ரயில் அறிவிப்பு கேக்குதே. எந்த ஸ்டேஷன்னு பேரு சொல்லுதான் பாருங்க."

சாதிக் என்னைக் கூப்பிட்டபோது அவர் குரல் அவருடையதாகவே இல்லை. "டீச்சர், நான் அந்தப் புள்ளையக் காட்டிக் குடுத்துட்டேன்."

எல்லாக் குழுவிலும் அழித்தார். ஆனால் வகுப்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் தப்பாக எழுதியதை ஆசிரியர் துடைத்துவிடலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனதை எப்படித் துடைப்பது? அந்தக் குழுக்களில் ஒன்றில் அவள் கணவனின் அண்ணன் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

குர்லா ஸ்டேஷனில் சந்தித்து இருவரும் ரயில் ஏறினோம். அவளை எத்தனை முறை அழைத்தும் போன் எடுக்கவில்லை. சாதிக் உட்காரவே இல்லை. நாலு சீட் தள்ளி ஒருவர் போனைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி நின்ற அமைதியில் அது எங்களுக்கும் கேட்டது. சாதிக்கின் குரல்.

அவர் போய் அந்த ஆளின் முன் நின்றார். "அண்ணே, அத அழிச்சிருங்க. ஒரு பொம்பளப் புள்ள உசிரு அதுல இருக்கு."

"ஏன் பாய், நல்லாத்தான இருக்கு? எங்க ஊரு குரூப்புக்கே தள்ளிட்டனே."

அந்த ஆள் மேல் தப்பில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு போனும் அவளைத் தேடிப் போய்க்கொண்டிருப்பதுபோல் தோன்றியது.

கோலியின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "நான்தாம்மா, சாதிக்" என்று சொன்ன பிறகும் திறக்கவில்லை. நான் பேசியதும்தான் திறந்தாள். பதிவை அவளும் கேட்டிருக்கிறாள். கேட்டதுமே புரிந்து, போனை அணைத்துவிட்டு, குழந்தை அழுதுவிடாதபடி மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். "வெளியில எவன் நடந்தாலும் அவரு நடக்க மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள். எங்களில் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் அவளை வேறிடத்துக்கு மாற்றினோம். பின்னால் அந்தக் கோலியின் உரிமையாளர் அம்மா போன் செய்து, யாரோ ஒரு ஆள் வந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாளா என்று விசாரித்துப் போனதாகச் சொன்னார். உள்ளதா, கேட்டதா என்று சாதிக் கேட்டார். தானே கதவைத் திறந்து பதில் சொன்னதாக அந்த அம்மா சொன்னார். சாதிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நம் பதிவுகள் தாமதமானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு குரல்பதிவையும் கண்ணை மூடிக் கேட்பார். தன் குரலை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் கேட்பார். படம் என்றால் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். "முகத்த எல்லாரும் மறைச்சிருவாங்க டீச்சர். மூலைய எவனும் பாக்க மாட்டான். ஒரு கடை போர்டு, ஒரு ஸ்கூல் பை, அது போதும்."

அலுவலகத்தில் ஒருமுறை பொறுப்பாளர் சொன்னார். "பாய், ரீச் ரொம்பக் கம்மியாயிடுச்சு. நீங்க ஃபால்துவா, தேவையே இல்லாம டென்ஷன் எடுக்கறீங்க."

"ஆமா, எடுக்கேன். எனக்குப் பயம் போச்சுன்னா அன்னைக்கே என்னைய இந்த வேலையில இருந்து தூக்கிருங்க. பயம் இருந்தாத்தான் விரலு நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அன்றும் அந்தப் பதிவு போகவில்லை.

இப்போது அவர் பார்த்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. நூர்ஜஹானின் உதவியோடு அவர் கணக்குகளைத் திறந்தேன். அந்தப் பழைய குரல்பதிவு இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் இறந்ததைக் கேட்டு, "பாயின் குரல்" என்று போட்டு அன்போடு அதையே ஒருவர் பகிர்ந்திருந்தார். உடனே போன் செய்து எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார். அதைக் கேட்காமலே போனில் வைத்திருப்பவர்களையும் சேர்த்து எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் அது இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவருடைய குரல் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், வேறு பதிவுகள் இருக்கின்றன.

சாதிக்கிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். இந்த அஞ்சலியை எழுதி முடித்ததும் அந்தப் பெண்ணுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நடுவில் அழுதாள். பிறகு, ஒரு வரியை எடுத்துவிடுங்கள் டீச்சர் என்றாள். அதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டு, முழுவதையும் மறுபடி வாசித்துக் காட்டினேன்.

"இப்ப சரி. அனுப்புங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் இது உங்களிடம் வந்திருக்கிறது.